பேக்ஸ்டிட்ச்: கட்டத்துக்கு ஒன்றா, ஒரே நீள இழுப்பா?

அல்சூர் மைனா
வணக்கம். 14 கவுண்ட் (அங்குலத்துக்கு 14 கட்டம்) வெள்ளை ஐடா துணியில் ஒரு பாய்மரப் படகுப் படம் செய்துகொண்டிருக்கிறேன். குறுக்குத் தையல் முழுக்க முடிந்துவிட்டது, அதன் மேல் கோடு வரையும் பேக்ஸ்டிட்ச் மட்டும்தான் பாக்கி. அங்கேதான் நிற்கிறேன். சார்ட்டில் கறுப்புக் கோடாகப் போட்டிருக்கிறார்களே தவிர, ஒரு தையல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்டவில்லை. படகின் அடிப்பாகம் வளைந்து போகிறது. பாய்மரத்தின் உச்சியிலிருந்து இரண்டு கயிறு சாய்வாக இறங்குகிறது: ஒன்று குறுக்கே 6 கட்டம், உயரம் 9 கட்டம், மற்றது குறுக்கே 5, உயரம் 8. படகில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் கண், வாய் எல்லாமே பேக்ஸ்டிட்ச்.

ஒரு வீடியோவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தையல் போடு என்கிறார்கள். இன்னொன்றில் நேர்கோட்டை ஒரே இழுப்பில் முடித்துவிடுகிறார்கள். யாரை நம்புவது? அப்புறம், படத்துக்குக் கீழே நிறைய இடம் காலியாக இருக்கிறது. அதில் ‘நல்வரவு’ என்று பேக்ஸ்டிட்சிலேயே எழுதி ஃப்ரேம் போட்டு வாசல் பக்கம் மாட்டலாம் என்று ஒரு ஆசை. அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தையல்பெட்டி
வாங்க மைனா. என் வழக்கம் நேரானது: ஒரு கட்டம், ஒரு தையல். கோடு நேராகப் போனாலும் சரி, வளைந்தாலும் சரி. முன்னால் இருக்கும் காலித் துளையில் ஊசியை மேலே கொண்டுவந்து, போன தையல் முடிந்த துளையில் கீழே இறக்கவேண்டும். ஏற்கெனவே நூல் இருக்கும் துளையில் கீழிருந்து மேலே குத்தினால் அங்கே இருக்கும் நூல் பிரியும், பிசிறும் மேலே எழும். இறக்கும்போது அந்தத் தொல்லை இல்லை.

நூலைப் பிரித்து எடுத்த ஒற்றை இழை போதும். 24ஆம் எண் மொட்டை ஊசியில் குறுக்குத் தையல் போட்டிருந்தால், பேக்ஸ்டிட்சுக்கு 26க்கு மாறிக்கொள்ளுங்கள். துளையில் ஏற்கெனவே நாலு பக்கத்து நூலும் நெருக்கிக்கொண்டு நிற்கும், மெல்லிய ஊசி சண்டை போடாமல் நுழையும்.

நீளத் தையல் எனக்கு ஆகாது. வளையல் மாட்டும், மோதிரம் மாட்டும், துவைத்தால் தொளதொளவென்று ஆகும்.

நீலக்குயில்
அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. வெற்றுத் துணியில் கட்டத்துக்கு ஒன்று அழகாக இருக்கும். ஆனால் மைனாவின் படகு விளிம்பு இரண்டு நிறங்களுக்கு நடுவில் போகிறது, இரண்டு பக்கமும் குறுக்குத் தையல் நிறைந்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் ஊசியை இறக்கினால், இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் கறுப்பு நூல் பள்ளத்துக்குள் போய்விடுகிறது. கிட்டே வைத்துப் பாருங்கள்: நடுவில் புடைத்து, இரண்டு முனையிலும் அமுங்கி, கோடு புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு கட்டத்துக்கு ஒரு தையல் என்று போட்டால் நூல் குறுக்குத் தையலின் முதுகில் ஏறிப் படுக்கிறது. கோடு கோடாகவே தெரிகிறது.

நான் செய்வது இப்படி. நேர்கோடு என்றால் 2 கட்டம், சில இடத்தில் 3. வளைவு என்றால் 1. கோடு திரும்பும் மூலை எதுவோ அங்கே கட்டாயம் ஒரு தையல் முடியவேண்டும். 5 கட்ட நேர்கோட்டை 2+3 என்றோ 3+2 என்றோ பிரிக்கலாம், யாரும் அளந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு கோடு ஓடுகிறது, ஜன்னல் கம்பி மாதிரியான இடம் என்றால், இரண்டையும் ஒரே மாதிரிதான் பிரிக்கவேண்டும். இல்லாவிட்டால் கண்ணை உறுத்தும்.

வகுத்திக்கணக்கு
கயிறு விஷயத்துக்கு வருகிறேன். சாய்கோட்டில் தையல் நீளம் உங்கள் விருப்பம் இல்லை, துளை எங்கே இருக்கிறதோ அதுதான் முடிவு செய்யும். அந்தக் கோட்டின் மேல் சரியாகத் துளை விழும் இடங்களில் மட்டும்தான் தையலை நிறுத்த முடியும்.

கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடத்து மீப்பெரு பொது வகுத்தி போதும். குறுக்கே 6, உயரம் 9. இரண்டையும் வகுக்கும் பெரிய எண் 3. ஆகவே கோட்டை மூன்று சமத் தையலாகப் பிரிக்கலாம், ஒவ்வொன்றும் 2 குறுக்கே, 3 மேலே. 14 கவுண்டில் ஒரு கட்டம் 1.8 மில்லிமீட்டர். அப்படியென்றால் ஒவ்வொரு தையலும் ஆறரை மில்லிமீட்டர் வரும். பிரிக்காமல் ஒரே இழுப்பாக விட்டால் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர்.

5க்கும் 8க்கும் பொது வகுத்தி 1தான். நடுவில் துளையே கிடையாது. அந்தக் கயிறு 17 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரே தையலாகத்தான் வரும்.

கட்டத்துக்கு ஒன்று என்று சொல்பவர்கள் இங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவல். பக்கத்துத் துளையில் குத்தினால் கயிறு கயிறாக இருக்காது, படிக்கட்டாகிவிடும்.

தையல்பெட்டி
அப்படிப்பட்ட சார்ட்டை வாங்கமாட்டேன் தம்பி 😄

சரி, சீரியஸாகவே சொல்கிறேன். நான் செய்வதெல்லாம் தலையணை உறை, குழந்தைகளுக்கு எச்சில் துணி, டேபிள் ரன்னர். வாரத்துக்கு ஒரு முறையாவது தண்ணீரில் போகும். மெஷினில் போடாதே என்று யாருக்குப் பரிசு கொடுத்தாலும் மெஷினில்தான் போடுவார்கள். ஆறரை மில்லிமீட்டர் தையல் அதில் எத்தனை நாளைக்குத் தாங்கும்? மைனா கண்ணாடி ஃப்ரேமுக்குள் வைக்கிறார், அவர் எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளட்டும். துவைக்கும் பொருளுக்கு நான் சொன்னதில் மாற்றமில்லை.

நீலக்குயில்
இது நியாயம். முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

மல்லேஸ்வரம் மாமி
5க்கு 8 கயிற்றுக்கு வழி இருக்கிறது மைனா. ஒரே தையலாக நீட்டிப் போடு. பிறகு அதே நிற நூலில் ஒற்றை இழை எடுத்து, கயிற்றின் மேல் குறுக்காக ஒரு துளிப் பொட்டுத் தையல் போட்டு அமுக்கிவிடு. இந்த நீளத்துக்கு இரண்டு இடத்தில் போதும். இதற்கு மட்டும் கூர்மையான ஊசி வேண்டும், ஏனென்றால் துளையில் குத்தப்போவதில்லை, ஐடாவின் கட்டத்துக்குள்ளேயே, இழைகளுக்கு நடுவே குத்தவேண்டும். மொட்டை ஊசி அங்கே இறங்காது, அழுத்தினால் துணி கோணும். அமுக்குத் தையலை இறுக்கவும் கூடாது. இறுக்கினால் கயிறு அந்த இடத்தில் ஒடிந்தமாதிரி தெரியும். தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இன்னொன்று. நீளத் தையல் போடும்போது துணியைப் பிடிக்கும் ரிங்கைக் கழற்றிவிடு, இல்லை தளர்த்திக்கொள். ரிங்கில் துணி விறைப்பாக இழுபட்டிருக்கும். அந்த நிலையில் போட்ட நூல், ரிங்கை எடுத்ததும் துணி சுருங்கிப் பழைய அளவுக்குப் போக, நூல் மட்டும் மிச்ச நீளத்தோடு துணிக்கொடி மாதிரித் தொங்கும். குட்டித் தையலில் இது தெரியவே தெரியாது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் பல்லிளிக்கும்.

நூல்கண்டு
எல்லோரும் கட்டக் கணக்கிலேயே பேசுகிறீர்கள். கட்டம் எல்லாத் துணியிலும் ஒன்றா? ‘நாலு கட்டத்துக்கு மேல் போகாதே’ என்று ஒரு விதி எல்லா இடத்திலும் சுற்றுகிறது. 11 கவுண்டில் நாலு கட்டம் என்றால் 9 மில்லிமீட்டருக்கு மேல். அதே நாலு கட்டம் 18 கவுண்டில் 5.6 மில்லிமீட்டர்தான். முதலாவதில் சுண்டுவிரல் நகம் மாட்டும், இரண்டாவதில் ஒன்றும் ஆகாது. நான் ஸ்கேல் வைத்துத்தான் முடிவு செய்வேன். ஃப்ரேமுக்குப் போகிறதென்றால் 6, 7 மில்லிமீட்டர் வரைக்கும் தைரியமாக விடுவேன். அதற்கு மேல் மாமி சொன்ன அமுக்குத் தையல். கையில் புழங்கும் பொருள் என்றால் 4 மில்லிமீட்டர், அதாவது 14 கவுண்டில் இரண்டு கட்டம்.

28 கவுண்ட் ஈவன்வீவ் (அங்குலத்துக்கு 28 இழை சீராக நெய்த) துணியில் இரண்டு இழைக்கு ஒரு கட்டம் என்று செய்பவர்களுக்கு இன்னும் வசதி. கட்டத்துக்கு நடுவிலும் துளை இருக்கிறது. வகுத்திக்கணக்கு தம்பியின் 5க்கு 8 அங்கே 10க்கு 16 ஆகிவிடும், நடுவில் ஒரு துளை கிடைத்துவிடும்.

வகுத்திக்கணக்கு
ஆமாம், பொது வகுத்தி 2. இது எனக்குத் தோன்றவில்லை, அருமை.

அல்சூர் மைனா
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 6க்கு 9 கயிற்றை மூன்றாகவும் 5க்கு 8ஐ நீட்டிப்போட்டு அமுக்கவும் முடிவு செய்துவிட்டேன். ஒரு கேள்வி: பின்பக்கம். படகுக்கு மேலே வானம் வெறும் வெள்ளைத் துணிதான், குறுக்குத் தையல் இல்லை. கயிறு அந்த வானத்தில்தான் போகிறது. கறுப்பு நூல் பின்னால் ஓடினால் முன்னால் நிழல் தெரியுமா?

நூல்கண்டு
தெரியும். பேக்ஸ்டிட்சில் இதைப் பலரும் யோசிப்பதில்லை. முன்பக்கம் ஒரு கட்டம் பின்னோக்கி வந்தால், பின்பக்கம் இரண்டு கட்டம் முன்னோக்கிப் போகிறீர்கள். கோட்டின் நீளத்தைப்போல மூன்று மடங்கு நூல் செலவாகிறது, அதில் இரண்டு மடங்கு பின்னால்தான் கிடக்கிறது. கோட்டின் நேர் பின்னாலேயே கிடந்தால் பிரச்சினை இல்லை, முன்னாலிருக்கும் நூலே அதை மறைத்துவிடும். கோடு திரும்பும் இடத்தில்தான் வம்பு. நீளமான இரண்டு தையல் ஒரு மூலையில் சந்தித்தால், பின்னால் நூல் மூலையைச் சுற்றாமல் குறுக்கு வழியில் வெட்டிக்கொண்டு போகும். அந்தக் குறுக்கு வழி வெள்ளைத் துணியில் சாம்பல் கீற்றாகத் தெரியும். தையல் நீள நீள அந்தக் கீற்றும் நீளும். உங்கள் பாய்மர உச்சியில் இரண்டு கயிறும் சந்திக்கிறதே, அது இதே இடம்தான். ஒரு கயிற்றை முடித்து நூலை வெட்டிவிட்டு அடுத்ததைப் புதிதாகத் தொடங்குங்கள்.

மல்லேஸ்வரம் மாமி
இல்லாவிட்டால் கவந்தி போடலாம்.

நீலக்குயில்
மாமி கசூதிக்கு வந்துவிட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

மல்லேஸ்வரம் மாமி
சிரி, சிரி. தார்வாடு, ஹுப்பள்ளிப் பக்கத்துப் பெண்கள் இல்கல் புடவையில் இழை எண்ணிப் போடும் கசூதி எம்ப்ராய்டரியில் நாலு வகைத் தையல் உண்டு: கவந்தி, முர்கி, நேய்கி, மெந்தி. மெந்தி என்றால் வெந்தயம், நம்முடைய குறுக்குத் தையல்தான் அது. கவந்தி என்பது இரட்டை ஓட்டுத் தையல். போகும்போது ஒரு தையல் விட்டு ஒரு தையல் போட்டுக்கொண்டே போவார்கள், திரும்பும்போது விட்ட இடத்தை எல்லாம் நிரப்பிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வருவார்கள். முன்னும் பின்னும் அச்சு அசல் ஒரே கோடு. முடிச்சு கிடையாது. முன்பக்கம் எங்கே நூல் இல்லையோ அங்கே பின்பக்கமும் இல்லை, அதனால் நிழல் விழ வழியே இல்லை. நூலும் மூன்று மடங்கு ஆகாது, இரண்டு மடங்கோடு போயிற்று.

இதையே ஐரோப்பாவில் ஹோல்பைன் தையல் என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றியின் அரசவையில் இருந்த ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் பெயர். அவர் வரைந்த ஜேன் சீமோர் ராணியின் படத்தில் மணிக்கட்டுத் துணியைப் பார், கறுப்பு நூல் வேலை துணியின் இரண்டு பக்கமும் தெரிகிறமாதிரி வரைந்திருக்கிறார்.

மைனாவுக்கு இதில் என்ன லாபம் என்றால், தையல் நீளம். கவந்தியில் எல்லாத் தையலையும் ஒரே நீளமாகப் போடுவதுதான் வழக்கம், போன வழியே திரும்பி வருவது சுலபம். புடவையில் நாலு இழை என்று எடுத்துக்கொண்டால் கோபுரமோ தேரோ பல்லக்கோ கடைசி வரைக்கும் நாலு இழைதான். ஒரு இடத்தில் மூன்று, ஒரு இடத்தில் ஐந்து என்று போனால் திரும்பும்போது எண்ணிக்கை குழம்பும். பேக்ஸ்டிட்சில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால்தான் நீங்கள் எல்லோரும் இவ்வளவு விவாதம் செய்கிறீர்கள்.

தையல்பெட்டி
மாமி, ஆனால் கவந்தியில் கோடு கொஞ்சம் நெளியும். போகும்போது போட்ட தையலுக்கும் திரும்பும்போது போட்ட தையலுக்கும் இழுப்பு ஒன்றாக வராது. பேக்ஸ்டிட்சில் ஒவ்வொரு தையலும் முந்தையதன் மேல் பின்னுக்கு இழுபடுவதால் கோடு விறைப்பாக நிற்கும்.

மல்லேஸ்வரம் மாமி
நெளியாமல் இருக்க ஒரு வழக்கம் உண்டு. திரும்பும்போது ஒவ்வொரு துளையிலும் பழைய நூலுக்கு ஒரே பக்கமாக ஊசியை மேலே எடுத்து, மறு பக்கமாக இறக்கவேண்டும். மேலே வருவது எப்போதும் இடப்புறம் என்றால் இறங்குவது எப்போதும் வலப்புறம். கோடு ரூல் தடி வைத்து இழுத்தமாதிரி வரும். வேளை இருந்தால் ஒரு கிழிசல் துணியில் போட்டுப் பார்.

நீலக்குயில்
முகத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. படகில் இருக்கும் ஆளின் வாய். இது ஒன்றுதான் மொத்தப் படத்தில் நீளத்தைப் பற்றி உயிரை விட வேண்டிய இடம். 14 கவுண்டில் இரண்டு கட்ட அகலத்துக்கு வாய் என்று வைத்துக்கொள்வோம். நேராக ஒரே தையல் போட்டால் ஆள் கோபமாக இருப்பார். நடுவில் கொஞ்சம் கீழே இறக்கி இரண்டு தையலாகப் போட்டால் சிரிப்பார். ஒரு முழுக் கட்டம் இறக்கினால் சிரிப்பு காது வரைக்கும் போகும், கோமாளி ஆகிவிடுவார். அரைக் கட்டம்தான் அளவு, அதற்கு ஐடாவில் இரண்டு துளைக்கு நடுவே கூர் ஊசியால் துளைக்கவேண்டும்.

இன்னும் ஒரு வழி: வாயை ஒரே தையலாக, ஆனால் வேண்டுமென்றே தொளவாகப் போட்டு, நடுவில் ஒரு பொட்டுத் தையலால் கீழ்நோக்கி அமுக்குங்கள். மாமி கயிற்றுக்குச் சொன்ன அதே வேலைதான். எந்த அளவுக்குச் சிரிக்கவேண்டும் என்று ஊசி நுனியால் நகர்த்திப் பார்த்துவிட்டு அமுக்கலாம். முகத்துக்குக் கறுப்பு வேண்டாம். அடர் பழுப்பு எடுங்கள்.

கண் இமை ஒரு கட்டத்துக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் தூங்குகிறமாதிரி ஆகிவிடும்.

நூல்கண்டு
நிறம் பற்றி வந்ததால் ஒரு வார்த்தை. படகுக்கும் கறுப்பு அவசியமில்லை. நூல் கம்பெனிகளின் எண்ணில் சொன்னால், டிஎம்சி 310, ஆங்கர் 403 இரண்டும் முழுக் கறுப்பு, வெள்ளைத் துணியில் கோட்டைத் தடிப்பாகக் காட்டும். டிஎம்சி 3799, ஆங்கரில் 236, அடர் சாம்பல். கறுப்பாகத்தான் தெரியும், ஆனால் முரடாகத் தெரியாது. கயிற்றுக்கு அதைப் போட்டால் மெல்லிசாக இருக்கும். பின்னால் நிழலும் குறையும்.

அல்சூர் மைனா
வாய்க்குத் தொளத் தையல் யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது. இப்போது நல்வரவுக்கு வரலாமா? ஆங்கில எழுத்துக்கு எத்தனையோ சார்ட் கிடைக்கிறது. தமிழுக்குக் கட்டத்தாளில் நானே வரைந்து பார்க்கிறேன். 7 கட்ட உயரத்தில் வரைந்தால் ‘வ’வின் சுழி சதுரமாக நிற்கிறது. வேறு என்னவோ எழுத்து மாதிரி இருக்கிறது.

வகுத்திக்கணக்கு
7 கட்டம் போதாது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் பாதி நேர்கோடு, 7 கட்டத்தில் அடங்கும். நம் எழுத்தில் சுழியும் வளைவும்தான் எழுத்தே. 12 கட்ட உயரமாவது எடுங்கள். 14 கவுண்டில் 2 சென்டிமீட்டரை ஒட்டி வரும். ஐந்து எழுத்தும் இடைவெளியும் சேர்த்து அகலம் சுமார் 70 கட்டம் ஆகும், அதாவது 5 அங்குலம். இடம் இருக்கிறதா?

வட்டத்தை எப்படி உடைப்பது என்பதுதான் விஷயம். சின்னச் சுழிக்கு 4 கட்ட அகலம் வையுங்கள்: நாலு பக்கமும் 2 கட்டத்துக்கு நேராக ஒரு தையல், மூலைக்கு மூலை ஒரு கட்டக் குறுக்குச் சாய்வு. எண்கோணமாக வரும், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் வட்டம்தான். ‘ல’, ‘வ’ இவற்றின் பெரிய வளைவுக்கு 8 கட்ட அகலம். பக்கத்தில் 2 கட்ட நேர்த் தையல், அடுத்து 2க்கு 1 சாய்வு, அடுத்து 1க்கு 2 சாய்வு, மறுபடி 2 கட்ட நேர்த் தையல். இந்தச் சாய்வுத் தையலின் நீளம் இரண்டேகால் கட்டம் அளவு. நேர்த் தையல் 2 கட்டம். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நீளம் என்பதால் எங்கே மூலை என்று கண்ணுக்குத் தெரியாது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது: வளைவு என்றதும் எல்லோரும் குட்டித் தையல் என்பார்கள். குட்டியாக இருப்பதைவிட அடுத்தடுத்த தையல் ஒரே நீளமாக இருப்பது முக்கியம். ஒரு கட்ட நேர்த் தையலையும் 2க்கு 1 சாய்வையும் மாற்றி மாற்றிப் போட்டால் வளைவு நொண்டும்.

தையல்பெட்டி
தம்பி, இது நல்ல கணக்கு. என் பேத்தியின் பெயரை எழுதியபோது ‘ழ’ ஏன் சப்பையாக நின்றது என்று இப்போது புரிகிறது. அதில் கட்டத்துக்கு ஒன்று என்றுதான் போட்டேன், அதனால் சாய்வெல்லாம் நீளமாகவும் நேரெல்லாம் குட்டையாகவும் வந்துவிட்டது.

‘ர’வின் நேர்க் கால்களை என்ன செய்வது? அதற்கும் 2 கட்டம்தானா?

வகுத்திக்கணக்கு
ஆமாம், எழுத்து முழுக்க 2 கட்டம்தான். பக்கத்து எழுத்தின் வளைவில் தையல் சின்னதாகவும் ‘ர’வின் காலில் பெரிதாகவும் இருந்தால் ‘ர’ மட்டும் மெல்லிசாகத் தெரியும். நீளத் தையலில் நூல் இழுபட்டு ஒல்லியாகும், குட்டித் தையலில் பருத்து நிற்கும்.

நீலக்குயில்
எழுத்துக்கு மட்டும் இரண்டு இழை எடுங்கள் மைனா. வாசலில் மாட்டுவது, ஆறடி தள்ளி நின்று படிக்கவேண்டும். ஒற்றை இழை வெள்ளைத் துணியில் கரைந்துபோகும். ‘ல்’லின் புள்ளிக்கு, நூலை ஊசியில் சுற்றிப் போடும் ஃப்ரெஞ்ச் முடிச்சு. இரண்டு இழையில் ஒரு சுற்று போதும், இரண்டு சுற்றினால் மிளகு சைஸுக்கு வந்துவிடும்.

அல்சூர் மைனா
அகலம் இருக்கிறது, துணியில் இன்னும் 7 அங்குலம் காலி. 12 கட்ட உயரத்துக்கு மறுபடி வரைந்தேன், ‘ந’ பிரமாதமாக வந்துவிட்டது. ‘வு’வின் கீழ்ச்சுழி மட்டும் கீழே 5 கட்டம் தொங்குகிறது, விட்டுவிடுகிறேன்.

26 ஊசியும் 236 நூலும் எங்கே கிடைக்கும்? எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் எந்த எண் சொன்னாலும் இருக்கும் ஒரே பாக்கெட்டைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

நூல்கண்டு
நம் பெங்களூர் அவென்யூ ரோடு, ராஜா மார்க்கெட். மணி, ஜரிகை, லேஸ் கடைகளுக்கு நடுவில் எம்ப்ராய்டரி நூல் விற்கும் கடைகள் இருக்கின்றன. சிக்பேட் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பல கடை திறக்காது. ஆங்கர் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் ஏதோ ஒரு சாம்பல் நிறத்தைத் தருவார்கள், டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாச் சாம்பலும் ஒன்றுதான். ஊசியை ‘கிராஸ் ஸ்டிட்ச் ஊசி’ என்று கேளுங்கள், ‘டேப்பஸ்ட்ரி’ என்றால் முழிக்கிறார்கள். நுனியை விரலில் வைத்துப் பார்த்து வாங்கவும், மொட்டை என்று கூர் ஊசியைத் தள்ளிவிடுவது உண்டு. மைனாவுக்கு இரண்டும் வேண்டும், இரண்டையும் வாங்கிவிடுங்கள்.

தையல்பெட்டி
கடைக்காரரிடம் கன்னடத்தில் கேட்டால் தமிழில் பதில் வரும். தமிழில் கேட்டால் ஹிந்தியில் வரும். கவலைப்படாதீர்கள்.

அல்சூர் மைனா
😄 கடைசியாக ஒன்று. வெற்றுத் துணியில் எழுத்தைத் தொடங்கும்போது நூல் முனையை எங்கே மறைப்பது? பின்னால் நுழைக்கக் குறுக்குத் தையலே இல்லையே. ஒரு எழுத்திலிருந்து அடுத்ததற்கு அப்படியே தாவலாமா?

மல்லேஸ்வரம் மாமி
தாவாதே. இரண்டு எழுத்துக்கு நடுவில் பின்னால் கறுப்பு நூல் ஓடினால், ஃப்ரேம்காரர் பின்னால் வெள்ளை அட்டை வைத்தாலும் முன்னால் தெரியும். எழுத்துக்கு எழுத்து வெட்டு.

இரண்டு இழை என்பதால் தொடக்கம் சுலபம். ஒரே நீள இழையை இரண்டாக மடித்து, இரண்டு முனையையும் ஊசியில் கோத்துக்கொள். மறு பக்கம் மடிப்பு வளையம் நிற்கும். அதைப் பின்பக்கம் விட்டு முதல் தையலைப் போட்டு, ஊசி பின்னால் இறங்கும்போது அந்த வளையத்துக்குள் விட்டு இழு. முனை, முடிச்சு எதுவும் இல்லை. கயிற்றுக்கும் படகு விளிம்புக்கும் ஒற்றை இழை, அங்கே இது நடக்காது. விளிம்புக்குப் பின்னால்தான் குறுக்குத் தையல் நிறைய இருக்கிறதே, அதற்குள் நுழைத்துவிடு. கயிற்றின் மேல் முனையைப் பாய்மரத் தையலுக்குப் பின்னால் நுழை, கீழ் முனையைப் படகுக்குப் பின்னால் நுழை. வானத்தில் எதையும் நிறுத்தாதே.

எழுத்தை முடிக்கும்போது, பின்பக்கம் கிடக்கும் பேக்ஸ்டிட்சிலேயே நாலைந்து தையலைச் சுற்றிச் சுற்றி ஊசியை ஓட்டி வெட்டு. எழுத்தின் கோட்டுக்கு நேர் பின்னாலேயே ஓடவேண்டும், வளைவில் குறுக்கே போய்விடாதே. ‘ல்’லின் புள்ளி தனி. ‘ல’வின் மேல் வளைவிலிருந்து புள்ளிக்கு ரெண்டு, மூன்று கட்டம்தானே என்று தாவத் தோன்றும், அதற்கும் தனி நூல் எடு. முடிச்சின் வால் இரண்டையும் அந்த முடிச்சுக்குப் பின்னாலேயே ஒரு சின்ன தையலில் கட்டி ஒட்ட வெட்டிவிடு.